நாயின் முடி உதிர்வும் திண்டுக்கல்லின் பகற்பொழுதும்

நாயின் ஒவ்வொரு முடியும் தோலிலுள்ள மயிர்க்காலிலிருந்து வளர்ந்து, வளர்ச்சி நின்றபின் சில காலம் அங்கேயே தங்கியிருந்து, அடியில் புதுமுடி முளைக்கத் தொடங்கும்போது உதிர்கிறது. இந்தச் சுழற்சியை வெயிலே விரைவுபடுத்துகிறது என்பது பொதுவான நம்பிக்கை. வெப்பத்துக்கும் அதில் பங்குண்டு என்றாலும், முதன்மைக் காரணம் பகற்பொழுதின் நீளமாகும். இருட்டில் மூளையின் கூம்புச் சுரப்பி மெலட்டோனின் என்னும் இயக்குநீரைச் சுரப்பதால், இரவு நீள்கிறதா குறைகிறதா என்பதை உடல் அதன் அளவைக்கொண்டே உணர்ந்து, முடியைப் புதுப்பிக்கும் காலத்தை அமைத்துக்கொள்கிறது.

லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு இருப்பதால், அங்குள்ள நாய்கள் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கற்றை கற்றையாக முடியை உதிர்க்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் அமைந்த திண்டுக்கல்லிலோ அந்த வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. நகரத்தை அடுத்து, சுமார் 1600 மீட்டர் வரை உயரும் சிறுமலை என்னும் மலைத்தொடரில் குளிர் கூடுதலாக இருந்தாலும் பகலின் நீளம் நகரத்தில் உள்ளதேதான். ஆகவே, ஆண்டுக்கு இருமுறை முடி கொட்டும் என்று மேலைநாட்டுக் கையேடுகள் தரும் கணக்கு இங்கே தெளிவாகப் பொருந்துவதில்லை. உதிர்வு ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கிறது. இரவிலும் விளக்கு எரியும் வீட்டுக்குள் வளரும் நாய்களிடம் பருவ எல்லை மேலும் மங்கிவிடுகிறது.

இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை போன்ற தமிழ்நாட்டு இனங்களின் முடி குட்டையாகவும் உடலோடு ஒட்டியும் இருப்பதால், உதிர்வது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன் ஆகியவற்றுக்கோ முரட்டு மேல்முடியும், குளிர் தாங்குவதற்கான அடர்ந்த மென்மையான உள்முடியும் என இரண்டு அடுக்குகள் உண்டு. வீடெங்கும் பறப்பது பெரும்பாலும் இந்த உள்முடியே. கோடையில் இவற்றை மழித்துவிடுவது இரக்கமாகத் தோன்றினாலும் தவறான செயல். நேர்வெயிலைத் தடுக்கும் மேல்முடி போய்விடுவதோடு, சில நாய்களுக்கு அது பல மாதங்கள் சீராக முளைக்காமலும் போகிறது.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை முடி வளரும் திசையிலேயே தோல்வரை எட்டும்படி சீவி, செத்த உள்முடியை அகற்றுவதும், குளிப்பாட்டுமுன் சிக்கெடுப்பதும், மனிதருக்கான சோப்பைத் தவிர்ப்பதும் போதுமானவை. உதிர்வை முற்றிலும் நிறுத்தும் மருந்து எதுவும் கிடையாது. குட்டி ஈன்ற பெண்நாய்க்குச் சில வாரங்களில் முடி மிகுதியாகக் கொட்டுவதும் இயல்பே. ஆனால் முடி திட்டுத்திட்டாகப் போய்த் தோல் வெளியே தெரிந்தாலோ, நாய் ஓயாமல் சொறிந்தாலோ, அது பருவ உதிர்வன்று. சொறி, உண்ணி, பூஞ்சை, தைராய்டு குறைபாடு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதால், வேப்பெண்ணெய் தடவிக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.