மேல்மண் இழந்த நிலமும் வேர் உட்பூசணமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்களில் சீமைக் கருவேலைத் தூரோடு பெயர்த்து, எந்திரத்தால் சமன் செய்த புன்செய்களில், மழை போதிய அளவு பெய்தும், உரம் இட்டும், முதல் வருஷப் பயிர் குட்டையாய் நின்றுவிடுவதுண்டு. சோளத்தின் இலை செந்நீலம் பாயும், உளுந்து பரவாது. விதையைக் குறை கூறி மறுவிதைப்புச் செய்வோர் பலர். இதற்குரிய காரணங்களுள் அதிகமாகக் கவனிக்கப்படாத ஒன்றை இங்கு விவரிப்போம்.

பெரும்பாலான பயிர்களின் வேரினுள் ஒருவகைப் பூசணம் குடியிருக்கிறது. இது நோய் விளைவிக்கும் பூசணமன்று. பூசணமும் வேரும் கூடி வாழும் இவ்வமைப்பிற்கு மைக்கோரைசா என்னும் பெயரை 1885-ம் வருஷம் பிராங்க் என்ற ஜெர்மானிய சாஸ்திரி இட்டார். பயிர் வேருக்குள் புகும் வகையை நாம் வேர் உட்பூசணம் என்கிறோம். மணிச்சத்து மண்ணில் எளிதில் அசையாத பொருள். சுண்ணாம்பு மிகுந்த கரிசலிலோ இன்னும் இறுகப் பிடிபட்டுக் கிடக்கும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்திலுள்ள சத்தை உண்டபின் பட்டினி கிடக்க வேண்டியதே. தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய பூசண இழைகள் வேரைக் கடந்து பல சென்டிமீட்டர் தூரம் சென்று, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொணர்ந்து கொடுக்கின்றன. இதற்குக் கூலியாகப் பயிர் தன் சர்க்கரையில் ஒரு பங்கை அளிக்கிறது.

ஒன்றுமில்லாத தரையில் இப்பூசணங்கள் எவ்வாறு குடியேறுகின்றன என்பதை அறிய, நம் ஊருக்குச் சற்றும் பொருந்தாததாகத் தோன்றும் ஓரிடத்தை நோக்க வேண்டும். இமயத்தில் பாகீரதி நதி பிறக்கும் கங்கோத்திரிப் பனியாறு, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள பனிக்கட்டித் திரளாகும். அது உருகிப் பின்வாங்க, பனிக்கடியில் நெடுங்காலம் மூடிக் கிடந்த கல்லும் மணலும் வெளிப்படுகின்றன. இத்தகைய தரையில் மக்கும் இல்லை, வேரும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து லைமன் பனியாற்றின் முகப்பில் இதனை நெடுநாள் ஆராய்ந்திருக்கிறார்கள். பனிக்கு மிக அருகில் முளைத்த செடிகளின் வேர்களில் துணைப்பூசணம் அரிதாகவே இருந்தது. பனி நீங்கி வருஷங்கள் கழிந்த இடங்களில் அது மிகுந்தது. குடைக்காளான் வகைகளின் வித்துக்களைக் காற்றுக் கொணர்கிறது. மான் முதலிய பிராணிகளும் காளானைத் தின்று, சாணத்தின் வழியே வித்துக்களை அங்கே சேர்க்கின்றன.

நம் பயிர்களுக்குரிய உட்பூசணமோ மண்ணுக்குள்ளேயே வித்து விடுவது. அவ்வித்துப் பருமனானது, காற்றில் எளிதாய்ப் பரவாது. 1980-ல் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்துச் சாம்பல் மூடிய நிலத்தில், வளை தோண்டும் எலியினப் பிராணிகள் அடியிலிருந்த பழைய மண்ணை மேலே தள்ளிய இடங்களில் இப்பூசணம் திரும்பக் கண்டது. வயல் எலியை நாம் வைவது நியாயமே. எனினும் இந்த ஒரு காரியத்தில் அதன் இனத்தாருக்கு நன்றி செலுத்தலாம்.

நம் நிலங்களுக்கு வருவோம். ஆழம் செல்லச் செல்ல உட்பூசணம் குறையும். சீமைக் கருவேலின் வேரிலும் அது வாழ்வதால், மரம் நின்ற தரையில் பூசணத்திற்குக் குறைவில்லை. தூரோடு மேல்மண்ணையும் வாரி வரப்போரம் தள்ளுவதே கேடு. சவடு வெட்டிய குழி, ஓடை அரித்த மேடு, கண்மாயின் அடியாழத்திலிருந்து வெட்டிய கரம்பையைக் கனமாய்ப் பரப்பிய வயல் யாவும் ஏறக்குறைய பனி நீங்கிய தரையை ஒத்தனவே. நெடுநாள் களையுமின்றித் தரிசாய் உழுது போட்ட நிலமும் அவ்வாறே. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துக் கரிசலில், நெடுந்தரிசுக்குப் பின் பயிர் தேறாமைக்கு உட்பூசணம் அருகியதே காரணமென்று 1987-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

ஆகவே நிலம் சமன் செய்வோர் மேல் அரையடி மண்ணைத் தனியே ஒதுக்கி, வேலை முடிந்தவுடன் திரும்பப் பரப்புதல் வேண்டும். குவியலாய் நெடுநாள் கிடந்தால் பூசணம் நலியும். மண் எடுக்கும் இடங்களைப் பார்வையிடும் கிராம அதிகாரிகளும் இதனை வற்புறுத்தலாம். முதற்பயிராகச் சோளம் அல்லது கம்புடன் உளுந்தோ பாசிப்பயறோ ஊடுபயிராய் விதைப்பது நலம். இவற்றின் வேரில் பூசணம் நன்கு பெருகும். கடுகினத்தில் அது வாழாது. சூப்பர் பாஸ்பேட்டை அளவுக்கு மிஞ்சி இட்டால், பயிர் பூசணத்தை வேண்டாதாகிவிடும். ஆயினும் இப்பூசணம் இல்லாத மணிச்சத்தை உண்டாக்குவதன்று; இருப்பதைத் தேடிக் கொடுப்பதேயாம். எருவுக்கும் ஆட்டுக்கிடைக்கும் இது ஈடாகாது.

தயார் செய்த உட்பூசணத்தை அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ விசாரித்துக் கொள்ளலாம். உயிருள்ள வேரிலன்றி இது வளராதாகையால், பழைய சரக்கை வாங்கலாகாது. அது கிடையாதவர் தமது சொந்த நிலத்திலேயே, செழித்த சோளக்கொல்லையின் வேர்மண்ணை எடுத்து விதைச்சாலில் தூவலாம். வாடல் நோயோ வேர்ப்புழுவோ கண்ட வயலின் மண்ணைத் தொடவே கூடாது.

உட்பூசணம் வேரில் ஏறியதா என்பதை வெறுங்கண்ணால் காண இயலாது. வேரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆதலின், வேர்மண் இட்ட நான்கு சாலுக்குப் பக்கத்தில் இடாத நான்கு சாலை விட்டு, புரட்டாசி விதைப்பு முதல் கதிர் முற்றும்வரை ஒப்பிட்டு, இரண்டையும் தனித்தனியே அறுத்து எடை போட்டுக் குறித்து வைத்தல் வேண்டும்.