வீட்டு நாயும் நாமும்

திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நாட்டப்பெற்ற கல் அது. வீரனின் உருவத்திற்கு அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பெற்றுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. நாயின் பெயரையும் கல்லில் பொறித்து வைத்த பெருமக்கள் நம் முன்னோர். ஆயின், அந்தக் கோவிவனுக்குக் காய்ச்சல் கண்டபொழுது என்ன செய்தார்கள், அதற்கு என்ன உணவு இட்டார்கள் என்பதைக் கல்வெட்டுச் சொல்லவில்லை. அவ்வளவாகப் புகழப்படாத அந்த அன்றாட வேலையைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நாயை வளர்ப்பதில் உள்ள பெரிய இடர்ப்பாடு, அதற்கு வாய் இல்லை என்பதே. குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும், நாய் அழாது. வலி மிகுந்தால் கட்டிலுக்கு அடியிலோ, கிணற்றடி ஈரத்திலோ போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். ஆகவே அதன் உடம்பே அதற்கு மொழி என்று கொள்ளவேண்டும். அம்மொழியைக் கற்பதற்கு நாள்தோறும் காலையில் ஐந்து நிமிடம் போதும். பள்ளிக்குப் புறப்படும் முன் உங்களில் எவரும் இதைச் செய்யலாம்.

உதட்டை மெல்ல உயர்த்தி ஈறைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாய் இருத்தல் நலம். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கவேண்டும். வெளுத்தே இருந்தால் குருதி குறைந்துள்ளது என்று அறியலாம்; குடற்புழுவோ உண்ணியோ காரணமாக இருக்கக்கூடும். சில நாய்களுக்கு ஈறு இயற்கையிலேயே கறுத்திருக்கும். அவற்றிற்குக் கீழ்இமையின் உட்புறத்தைப் பார்க்கவேண்டும். உறங்கும்பொழுது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்திற்கு முப்பதைத் தாண்டி நாளும் ஓடுமானால் மருத்துவரிடம் காட்டவேண்டும். மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பவேண்டா. நலமான நாய்க்கும் உறங்கி எழுந்தவுடன் மூக்கு உலர்ந்திருக்கும். நாயின் உடல்வெப்பம் நம்முடையதைக் காட்டிலும் மிகுதி, 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு இயல்பு. தொட்டுப் பார்த்தால் எப்பொழுதும் சுடுவதுபோலவே தோன்றும். அதுகண்டு நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மனிதர்க்கு ஆகும் பாரசிட்டமால், ஐபுப்ரோபென் போன்றவை நாயின் குடலையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லவை. மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையும் கொடுத்தல் கூடாது.

இனி உணவுக்கு வருவோம். நாய் ஊனுண்ணி, அதற்குச் சோறு ஆகாது என்று இக்காலத்தில் சிலர் கூறுகின்றனர். நாயின் மூதாதையாகிய ஓநாய்க்கு அது பொருந்தும். நாயோ பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் போட்ட மிச்சத்தைத் தின்று மாறிய விலங்கு. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயைவிட நாய்க்குப் பன்மடங்கு பெருகியிருப்பதை 2013 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே நம் வீட்டுச் சோறு நாய்க்குப் பகையன்று. ஆனால் சோறு மட்டுமே உணவாகாது. தயிர்சோறு ஒன்றையே இரண்டு வேளையும் இட்டு, ‘எங்கள் நாய் சைவம்’ என்று பெருமை பேசும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெருமை வீட்டாருடையது, உதிர்கின்ற மயிர் நாயினுடையது. குழைய வெந்த சோற்றுடன் எலும்பு நீக்கிய இறைச்சியோ மீனோ, வெந்த முட்டையோ சேரவேண்டும். புலால் புகாத வீடானால் முட்டை, பருப்பு, தயிர் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுச் சேர்க்கலாம். இறைச்சி மட்டுமே இடுவதும் தவறே. தனி இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு அதனையே கொடுத்தால் எலும்பு வலுவிழந்து கால் வளையும்.

நம் சமையலறையில் நாய்க்கு நஞ்சாவன சில உண்டு. வெங்காயமும் பூண்டும் அதன் குருதியின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் அத்தீங்கு போகாது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைத் திடீரென்று செயலிழக்கச் செய்யும். இதன் காரணம் நெடுங்காலம் விளங்காதிருந்தது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர் எடுத்துக்காட்டினர்.  புளியைத் தின்ற நாய்களும் அதேபோலச் சிறுநீரகம் கெட்டு வந்ததுண்டு. புளியின் புளிப்புக்கு அந்த அமிலமே காரணம். புளிக்குழம்பும் இரசமும் இல்லாத நாள் நமக்கு ஏது? வெங்காயமும் பூண்டும் புளியும் ஒருங்கே சேர்ந்த குழம்புச் சோற்றை வழித்து நாய்த்தட்டில் போடுவது நம்மிடையே வழக்கமாய் இருக்கிறது. தெருநாய் அதையே தின்று வாழவில்லையா என்று கேட்கலாம். வாழ்கின்ற நாய்களைத்தான் நாம் பார்க்கிறோம். மாண்டவற்றை யார் எண்ணினார்? குழம்பு ஊற்றுவதற்கு முன்பே நாய்க்கு உரியதை எடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

சாக்லெட்டும், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் என்னும் இனிப்பும் கொடியவை. வெந்த கோழியெலும்பு ஊசிபோலப் பிளந்து குடலைக் குத்தும். வளர்ந்த நாய்கள் பலவற்றிற்குப் பால் செரியாது. கழிச்சல் கண்டால் முதலில் பாலை நிறுத்திப் பாருங்கள்.

பால் மறந்த குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு முறையும், ஓராண்டு நிரம்பிய நாய்க்கு இரண்டு முறையும் உணவு போதும். வேளை மாறக்கூடாது. உருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவ் செரிமானத்தைப் பற்றி ஆராய்ந்து 1904 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். உணவைக் காணுமுன்பே, உணவிடுவோனின் காலடியோசை கேட்டவுடன், நாயின் வாயில் நீர் சுரப்பதை அவர் கண்டார். வேளை தவறாத வீட்டில் நாயின் வயிறும் ஆயத்தமாய் இருக்கும். உணவின் அளவைத் தட்டைக் கொண்டு அறியவேண்டா, விலாவைக் கொண்டு அறியுங்கள். உள்ளங்கையால் தடவினால் விலாவெலும்புகள் கைக்குத் தட்டுப்படவேண்டும். தடவியும் அகப்படாவிட்டால் உணவு மிகுதி. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் நாட்டு வேட்டை நாய்கள் இதற்கு விலக்கு. அவை இயல்பாகவே ஒட்டிய வயிறும் தெரியும் விலாவும் உடையவை. பார்ப்பவர் பரிகாசத்திற்கு அஞ்சி அவற்றைக் கொழுக்க வைப்பது ஓட்டக்குதிரையின்மேல் மூட்டை ஏற்றுவதை ஒக்கும்.

தண்ணீர் எந்நேரமும் இருக்கவேண்டும். நாய்க்கு நம்மைப்போல் மேனியெங்கும் வியர்க்காது. நாவை நீட்டி இளைத்தே உடல்வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் தார்ச்சாலையில் அதனை நடத்துதல் கொடுமை. புறங்கையை ஐந்து நொடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்கமுடியாத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. நிற்காமல் இளைத்து, எச்சில் ஒழுகித் தள்ளாடுமானால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறியவாறே மருத்துவரிடம் விரையவேண்டும்.

குட்டிகளுக்குக் குடற்புழு தாயின் வயிற்றிலேயே வந்துவிடுகிறது. ஆதலால் பிறந்த இரண்டு வாரத்திலிருந்தே மருத்துவர் சொல்லும் முறைப்படி புழுமருந்து கொடுக்கவேண்டும். அப்புழுவின் முட்டை மண்ணில் கிடந்து, கைவழியே குழந்தைகளின் வயிற்றிலும் புகும். நாயோடு விளையாடியபின் கை கழுவச் சொல்வது வெறும் ஆசாரம் அன்று.

உண்ணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்; ஏனெனில் நம் வெப்பநாட்டில் வீட்டு நாயின் முதற்பகை அதுவே. நாயின் மேல் இருப்பவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டால் வேலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். உண்ணியின் வாழ்க்கை முறை அப்படிப்பட்டதன்று. குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டுக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் மீண்டும் நாயின்மேல் ஏறிக் குருதி குடித்து, இறங்கித் தோலுரித்து, மறுபடியும் ஏறும். எனவே ஒரு நேரத்தில் நாயின்மேல் இருப்பவை சிலவே. மற்றவை சுவரில் இருக்கின்றன. நாய்க்கு மருந்திடும் அன்றே அது படுக்கும் இடத்தையும் சுவர் ஓரங்களையும் தூய்மை செய்து வெடிப்புகளைப் பூசவேண்டும். சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் தொல்லை ஒழியும். காதுமடலின் உட்புறமும் விரலிடுக்கும் அவை விரும்பும் இடங்கள். அவற்றைக் கையால் நசுக்கலாகாது. மண்ணெண்ணெய் பூசுவதும் கூடாது, தோல் வெந்துபோகும். இவ்வுண்ணிகள் குருதியில் நுண்ணுயிர்களைச் செலுத்தி விடாத காய்ச்சலையும் சோகையையும் உண்டாக்குகின்றன. சில நாய்களுக்கு மூக்கிலிருந்து குருதி ஒழுகும். அந்நிலைக்குக் காத்திராமல், உணவை மறுத்துச் சோர்ந்த முதல் நாளே மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் பிழைக்கும்.

குணத்தைப் பற்றி இனிச் சொல்வேன். ஸ்காட், புல்லர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் பல்லாண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து, 1965 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையில் குட்டி யாரோடு பழகுகிறதோ, அவர்களையே வாழ்நாள் முழுதும் அஞ்சாது ஏற்கும் என்பது அவர்கள் கண்ட முடிபு. அந்த நாட்களில் சிறுவர், முதியவர், குடை பிடித்தவர், மிதிவண்டியில் வருபவர் எனப் பலரையும் அது அமைதியாகக் காணவேண்டும். ‘காவலுக்கு வேண்டும், யாரிடமும் பழகவிடாதே’ என்று சொல்லித் தூணில் சங்கிலியால் கட்டிவைக்கும் வீட்டில் காவல்நாய் வளர்வதில்லை, அஞ்சிக் கடிக்கும் நாயே வளர்கிறது. எங்கள் தெருவில் அப்படி ஒரு நாய் இருந்தது. பிறந்த மூன்றாம் மாதம் முதல் சங்கிலி. கடைசியில் அது கடித்தது கள்ளனை அன்று. நாள்தோறும் பால் கொண்டுவந்த பையனை!

பாயில் சிறுநீர் கழித்த குட்டியை ஒரு மணி நேரம் கழித்து அடிப்பதில் பயன் இல்லை. எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. உங்களைக் கண்டால் ஒளியவேண்டும் என்பதை மட்டும் கற்கும். உரிய இடத்தில் கழித்தவுடன், அந்த நொடியிலேயே, ஒரு சிறு தின்பண்டமும் இனிய சொல்லும் கொடுங்கள். பாவ்லோவின் நாய் ஓசையையும் உணவையும் இணைத்துக் கொண்டதுபோல இதுவும் இணைத்துக்கொள்ளும். நாய் உறுமினால் அதற்காகவும் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. உறுமக்கூடாது என்று கற்ற நாய் உறுமாமலே கடிக்கும். வாலாட்டும் நாயெல்லாம் மகிழ்ந்திருப்பதாகவும் எண்ணவேண்டா. உடம்பு விறைத்து, முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால், ‘அருகில் வாராதே’ என்பதே பொருள். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடாதிருத்தல் வேண்டும். தீபாவளி வெடியோசை நம்மைவிடக் கூர்ந்த செவியுடைய அதற்குப் பெருந்துன்பம். அன்று அதனைக் கட்டிவைக்காமல், சன்னல் சாத்திய உள்ளறையில் விட்டு ஒருவர் உடனிருத்தல் நலம்.

எல்லாவற்றினும் முதன்மையானதை இறுதிக்கு வைத்திருக்கிறேன். வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் மனிதர் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் தோன்றாமல் தடுப்பது முழுதும் இயலும். 1885 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார், சிறுவன் பிழைத்தான். நம் நாட்டில் 1900 இல் கசௌலியிலும் 1907 இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. வயிற்றில் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் அச்சுறுத்துவது பழைய ஆட்டுமூளை மருந்தைப் பற்றியது. 2004 ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று கையில் சில ஊசிகளோடு சிகிச்சை முடிகிறது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் குறித்த நாளில், பெரும்பாலும் ஆண்டுதோறும், மீண்டும் போடவேண்டும். குட்டிகளைக் குருதிக் கழிச்சலால் கொல்லும் பார்வோ நோய்க்கும் ஆறு எட்டு வாரத்திலேயே ஊசி தொடங்கவேண்டும்.

வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பதின்மர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆதலால் இதை உங்களுக்கே சொல்கிறேன். வீட்டார் ஏசுவர் என்று அஞ்சி, கடியை மறைக்கும் பிள்ளைகள் பலர். நகக்கீறலாயினும், குட்டியின் கடியாயினும், தடுப்பூசி போட்ட நம் நாயே ஆயினும் உடனே சொல்லுங்கள். புண்ணைச் சோப்பிட்டு, குழாய்நீரை ஓடவிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பவேண்டா. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆழ்ந்த கடியானால் புண்ணைச் சுற்றிச் செலுத்தும் மருந்தும் வேண்டியிருக்கும். குறித்த நாட்களில் ஊசியைத் தவறவிடலாகாது. கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். வீட்டு நாயானால் பத்து நாள் பாதுகாப்பாக வைத்து, உணவும் நீரும் இட்டுக் கவனிக்கவேண்டும். பத்து நாளும் அது நலமாய் இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் நோய் இல்லை என்று துணியலாம். எஞ்சிய ஊசிகள் வேண்டுமா என்பதை மருத்துவர் அப்பொழுது சொல்லுவார். அதுவரை காத்திருந்து முதல் ஊசியைத் தள்ளிப்போடுதல் மட்டும் கூடவே கூடாது.