பின்விளக்கும் பொறுப்பும்: மோட்டார் வண்டியின் குறைக்கு உத்தரவாதி யார்?

விதை முளைக்காவிட்டால் குடியானவர் முதலில் தம் நிலத்தையும் நீரையும் சோதிக்கிறார். உழவிலும் ஈரத்திலும் குற்றமில்லை என்று கண்டபின் விதை விற்றவரிடம் சென்று நியாயம் கேட்கிறார். இது நாம் தலைமுறை தலைமுறையாக அறிந்த வழக்கம். ஆனால் அதே குடியானவர், லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய டிராக்டரிலோ லாரியிலோ பின்விளக்கு எரியாமற் போனால், அதைத் தம் தலைவிதியென்றே எண்ணிவிடுகிறார். அருகிலுள்ள பட்டறையில் ஒரு கம்பியை முறுக்கிச் சேர்த்துக்கொண்டு வீடு திரும்புகிறார். அடுத்த மாதம் விளக்கு மறுபடியும் அணைகிறது. குறை தம் பராமரிப்பில் உள்ளதா, வண்டியைச் செய்தவரிடம் உள்ளதா என்று அவர் கேட்பதில்லை. இக்கேள்வியைக் கேட்க வேண்டியது ஏன், கேட்டால் சட்டம் என்ன விடை கூறுகிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

பின்விளக்கின் வேலை

முன்விளக்கு ஓட்டுபவருக்கு வழி காட்டுவது. பின்விளக்கோ பின்னால் வருபவரின் உயிரைக் காப்பது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரம் கடக்கிறது. எதிரே ஏதோ நிற்கிறதென்று ஓட்டுபவர் உணர்ந்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒன்றரை வினாடி கழிந்துவிடும். அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்தபின் உலர்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் அவ்வளவு தூரம் வேண்டும். ஆகவே சுமார் 50 மீட்டருக்கு முன்னமே தெரியாத பொருளின்மேல் அவர் மோதாமல் தப்புவது அரிது. தாழ்த்திய முன்விளக்கின் ஒளியில், சேறு படிந்த டிரெயிலரின் பின்பலகை அந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரியாது. கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலைக்குச் செல்லும் வண்டிகள் இரவெல்லாம் சாலையில் ஊர்ந்தும் நின்றும் காத்திருப்பதை நாம் அறிவோம். பாரத்துக்குமேல் நீண்டு தொங்கும் கரும்பின் தோகை, இருக்கும் விளக்கையும் மறைத்துவிடும். இருசக்கர வண்டியில் வீடு திரும்பும் ஏழைக்கு அந்த ஒரு சிவப்புப் புள்ளியே எச்சரிக்கை.

பிரேக் விளக்கின் வேலையும் இதற்குக் குறைந்ததன்று. முன்னே செல்பவர் வேகத்தைக் குறைக்கிறார் என்ற செய்தி, கண்ணுக்கு எட்டுவது அதன்மூலமே. அவ்விளக்கு எரியாதிருப்பது ஒரு தீங்கு. பிரேக் பிடிக்காதபோதே எரிந்து கொண்டிருப்பது வேறொரு தீங்கு. ஏனெனில், பிறகு உண்மையாகப் பிடிக்கும்போது அதனை எவரும் நம்பமாட்டார்.

அமெரிக்காவில் நிகழ்ந்தது

இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அங்கு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014-ஆம் வருஷம் மே மாதத்தில், செவ்ரோலே மாலிபு, பான்டியாக் ஜி6, சாட்டர்ன் ஆரா முதலிய கார்களில் ஏறத்தாழ 24 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் மிகச் சிறியது. வண்டியின் மின்சார வேலைகளை நடத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கம்பிகள் வந்து சேரும் இணைப்பு, ஓயாத அதிர்வினால் நாளடைவில் அரித்துக் களிம்பேறியது. அதனால் மின்னோட்டம் தடைப்பட்டு, பிரேக் மிதிக்கும்போது விளக்கு எரியாமலும், மிதிக்காதபோது எரிந்தும் வந்தது. அதற்குச் செய்த பரிகாரமும் சிறியதே: இணைப்பு அசையாதபடி ஒரு தடுப்பு வைத்து, களிம்பேறாமற் காக்கும் மசகைத் தடவினார்கள்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டியது வேறு. இதே குறைக்காக அக்கம்பெனி 2009-இல் ஏறத்தாழ 8,000 கார்களை மட்டுமே திரும்ப அழைத்திருந்தது. மற்றவை ஓடிக்கொண்டேயிருந்தன. நூற்றுக்கணக்கானோர் புகார் செய்தனர். 13 மோதல்களும் இருவருக்குக் காயமும் நேர்ந்ததாகக் கம்பெனியே பின்னர்த் தெரிவித்தது. உயிர்ச்சேதம் இல்லாதது பாக்கியமே. சில ஆயிரம் வண்டிகளில் கண்ட குறை, அதே பாகம் பொருத்திய லட்சக்கணக்கான வண்டிகளிலும் இருக்கக்கூடும் என்பதை உணர்ந்து செயற்பட ஐந்து வருஷம் சென்றது.

அதே ஆண்டில் அதே கம்பெனி, வண்டி ஓடும்போதே அணைந்துவிடும் சாவி ஸ்விச்சின் குறையை அரசாங்கத்துக்குக் காலத்தில் அறிவிக்கத் தவறியதற்காக 3 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. பாதுகாப்புக்குரிய குறையொன்று இருப்பதாக அறிந்த தயாரிப்பாளர் 5 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஸ்விச்சின் குறையினால் இறந்தோர் 124 பேர் என்று நஷ்டஈட்டு நிதியத்தார் ஒப்புக்கொண்டனர்.

குறை கம்பியில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 2022-ஆம் வருஷம் நவம்பரில் டெஸ்லா கம்பெனி 3,21,628 மின்சாரக் கார்களைப் பின்விளக்குக் குறைக்காகத் திரும்ப அழைத்தது. அங்கே பல்பும் கம்பியும் செம்மையாகவே இருந்தன. வண்டியை இயக்கும் கணினி நிரல், இல்லாத பழுதை இருப்பதாகக் கொண்டு விளக்கை அணைத்தது. திருத்திய நிரலைக் கம்பியில்லா வழியில் அனுப்பியே அக்குறை நீக்கப்பட்டது. இத்தகைய குறையை எந்த உரிமையாளரும் தம் பட்டறையில் கண்டுபிடித்திருக்க முடியாது. செய்தவரே அறியக்கூடியதைச் செய்தவரே திருத்தவேண்டும் என்ற நியாயம் இதனால் விளங்கும்.

பொறுப்பு தயாரிப்பாளரைச் சேர்ந்த வரலாறு

முற்காலத்தில் பொருள் வாங்கியவர், தமக்கு விற்ற வியாபாரியைத் தவிர வேறொருவரையும் கேட்க இயலாதிருந்தது. தயாரிப்பாளருக்கும் வாங்கியவருக்கும் நேரான ஒப்பந்தம் இல்லையென்பதே காரணமாகக் கூறப்பட்டது. 1916-இல் நியூயார்க் மாகாணத்தின் உச்ச மன்றம் இவ்வாதத்தைத் தள்ளிற்று. மாக்பர்ஸன் என்பவர் வியாபாரியிடம் வாங்கிய பியூக் காரின் மரச் சக்கரம் ஓடும்போது நொறுங்கி, அவர் காயமுற்றார். அச்சக்கரத்தைச் செய்தது பியூக் கம்பெனியன்று. வேறொருவரிடமிருந்து வாங்கிப் பொருத்தியதே. ஆயினும், தகுந்த சோதனை செய்திருந்தால் குறை வெளிப்பட்டிருக்கும் என்றும், முழு வண்டியையும் தம் பெயரால் விற்பவர், அதனை உபயோகிப்போர் யாவருக்கும் கடமைப்பட்டவர் என்றும் நீதிபதி கார்டோஸோ தீர்ப்பளித்தார். விளக்கு வேறு கம்பெனியின் சரக்கு என்று இன்று ஒரு தயாரிப்பாளர் கைகழுவ இயலாதிருப்பதற்கு இத்தீர்ப்பு ஒரு மூலம். 1966-இல் அந்நாட்டார் வண்டிப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமே இயற்றினர்.

நம் நாட்டுச் சட்டம்

நம் தேசத்தில் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தினால் 110-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டுள்ளது. அதன் சாரம் வருமாறு:

1. ஓட்டுபவருக்கோ, ஏறிச் செல்வோருக்கோ, சாலையிலுள்ள பிறருக்கோ தீங்கு விளைக்கத்தக்க குறை ஒரு வகை வண்டியில் இருக்குமானால், அவற்றைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசாங்கம் தயாரிப்பாளருக்கு உத்தரவிடலாம். குறிப்பிட்ட விகிதத்தில் உரிமையாளர்கள் புகார் செய்வதும், சோதனை நிலையத்தின் அறிக்கையும், பிற வழியில் கிடைத்த செய்தியும் இதற்கு ஆதாரமாகும்.

2. குறை ஒரு பாகத்தில் இருந்தால், அப்பாகம் பொருத்திய எல்லா வண்டிகளையும், வகை எதுவாயினும், திரும்ப அழைக்கச் செய்யலாம்.

3. திரும்ப அழைத்த வண்டியைத் தயாரிப்பாளர் பழுது நீக்கித் தரவேண்டும்; அல்லது வேறு வண்டி தரவேண்டும்; அல்லது விலையைத் திருப்பவேண்டும்.

4. தயாரிப்பாளர் குறையைத் தாமே கண்டு, அரசாங்கத்துக்கு அறிவித்துத் திரும்ப அழைத்தால், அவருக்கு அபராதமில்லை.

நான்காவது விதி நேர்மைக்கு அளிக்கும் சன்மானம். மறைப்பவருக்கோ, இதே திருத்தத்தின்படி 100 கோடி ரூபாய் வரை அபராதமும், ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனையும் விதிக்க இடமுண்டு. சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல் டிரெயிலரையும் உள்ளடக்கியது என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

காயமோ பொருட்சேதமோ நேர்ந்துவிட்டால், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள் உதவும். தயாரிப்பிலோ அமைப்பிலோ குறையிருந்தாலும், உபயோகிக்கும் முறையையும் ஆபத்தையும் தக்கபடி எச்சரிக்காவிட்டாலும் தயாரிப்பாளர் நஷ்டஈட்டுக்கு உள்ளாவார். பிறர் செய்த பாகங்களை வாங்கிப் பொருத்துபவரும் தயாரிப்பாளரே. ஆகையால் விளக்கே வைக்காமல் டிரெயிலர் கட்டி விற்கும் உள்ளூர்ப் பட்டறைக்காரரும் இதற்கு விலக்கல்லர். காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடவேண்டும்.

குடியானவர் நுகர்வோர்தாமா என்ற ஐயமும் வேண்டியதில்லை. முளைக்காத விதை பற்றித் தேசிய விதைக் கழகத்தின்மீது வந்த வழக்கில், விவசாயி நுகர்வோரே என்று 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது. ஆயினும் தம் ஜீவனத்துக்காகத் தாமே உபயோகிப்பவருக்கும், பல வண்டிகளை வாடகைக்கு விட்டு வியாபாரம் செய்பவருக்கும் சட்டத்தில் பேதமுண்டு.

உரிமையாளரின் கடமை

தயாரிப்பாளரைக் கேட்குமுன் நம் கை சுத்தமாயிருத்தல் அவசியம். பல்பின் இழை அறுவது, எலி கம்பியைக் கடிப்பது, கண்ணாடியில் சேறு படிவது முதலியவை எவர் வண்டியிலும் நேரும். அவை தயாரிப்புக் குறையல்ல. புதிய பல்பு போட்டும் அதே இடம் மீண்டும் மீண்டும் பழுதாவதும், ஒரே வகை வண்டி வைத்திருக்கும் பலருக்கு அதே பழுது காண்பதுமே தயாரிப்புக் குறைக்கு அடையாளம்.

பிரேக் மிதிக்கும்போது பின்விளக்கு மங்கினாலும், திருப்ப விளக்குடன் சேர்ந்து மின்னினாலும், பெரும்பாலும் 'எர்த்' இணைப்பில் துரு ஏறியிருக்கும். துருவைச் சுரண்டி இறுக்கினால் அது நீங்கும். பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே பல்பில் இரண்டு இழைகள் இருப்பது வழக்கம். 5 வாட்டுக்கும் 21 வாட்டுக்கும் உரிய அதே பல்பைப் போடாவிட்டால், இரண்டும் ஒன்றுபோல் எரிந்து பின்னால் வருபவரை ஏமாற்றும். டிராக்டரின் பின்னுள்ள ஏழுமுனைச் சாக்கெட்டிலிருந்தே டிரெயிலர் விளக்குக்கு மின்சாரம் எடுக்கவேண்டும். வண்டியின் கம்பியை நடுவில் வெட்டிப் பாட்டுப்பெட்டிக்கும் வர்ண விளக்குக்கும் இணைப்பது பெருந்தவறு. பொருளை மாற்றியமைத்து உபயோகித்திருந்தால் விற்றவர்மீது வழக்கில்லை என்று மேற்படி சட்டத்தின் 87-ஆம் பிரிவு கூறுகிறது. தயாரித்தவரும் இதனையே தம் முதல் வாதமாகக் கொள்வார். ஐம்பது ரூபாய்க் கம்பி வேலையினால் பல லட்சம் பெறும் உரிமையை இழத்தல் விவேகமாகாது.

சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டையை டிரெயிலரின் பின்பலகையில் ஒட்டிவைத்தல் செலவு குறைந்த காப்பு. விளக்கு அணைந்தாலும் பின்னே வரும் ஒளியில் அது மின்னும். ஆனால் அது விளக்குக்குத் துணையேயன்றி ஈடல்ல.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

பழுது கண்ட நாள், வண்டியின் சேஸிஸ் எண், ஓடிய மணி, பட்டறையில் செய்த வேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ரசீதுகளைப் பத்திரப்படுத்தும்படி குடிகளுக்குக் கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் எடுத்துரைப்பது நன்று. கழற்றிய பழுதான பாகத்தைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வைக்கவேண்டும். அதுவே முதற் சாட்சி. வியாபாரியிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறவேண்டும். ஒரே வகை டிராக்டர் வைத்திருப்போர் ஐந்தாறு பேர் ஒரே பழுதைக் கூறினால், அவற்றைச் சேர்த்து ஒரே மனுவாகத் தயாரிப்பாளருக்கும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் அனுப்பலாம். ஒருவர் புகார் தனிக்குறையாகத் தள்ளப்படும். பலர் புகார் சட்டத்தின் கவனத்துக்கு வரும். யோசனை வேண்டுவோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கேட்டறியலாம்.

அமெரிக்காவில் 8,000 கார்களோடு நின்றிருந்த விஷயம் 24 லட்சமாக விரிந்ததற்கு, சலியாமல் புகார் எழுதிய சாமானிய உரிமையாளர்களின் பங்கு பெரிது. நம் ஊர்களிலும் அறுவடை வண்டிகள் சாலைக்கு இறங்குமுன், ஒருவர் பிரேக்கை மிதிக்க மற்றொருவர் நூறு அடி பின்னே நின்று விளக்கைப் பார்க்கும் வழக்கம் ஏற்படட்டும். எரியாத விளக்கை அன்றே சீர்செய்வோம். சீர்செய்தும் எரியாததற்குக் காரணம் கேட்போம். முன்னது நம் கடமை. பின்னது நம் உரிமை.