ஓர் ஆணியின் விலை

விமான விபத்து என்றதும் பயணிகள் விமானமே நம் நினைவுக்கு வருகிறது. சரக்கு விமானம் விழுந்தால் செய்தித்தாளில் நான்கு வரி, அவ்வளவுதான். விமானப் பொறியியல் மாணவன் என்ற முறையில், அந்த நான்கு வரிக்குள் அடங்காத ஒரு விபத்தை இங்கே விளக்க விரும்புகிறேன்.

2000 பிப்ரவரி 16 இரவு, எமெரி நிறுவனத்தின் டிசி-8 ரகச் சரக்கு விமானம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மேதர் விமான நிலையத்திலிருந்து ஒஹாயோவின் டேட்டனுக்குப் புறப்பட்டது. இரண்டே நிமிடங்களில் பழைய கார்களைக் குவித்து வைத்திருந்த ஒரு கிடங்கின்மேல் விழுந்தது. பணியாளர் மூவரும் மாண்டனர்.

மேலெழுந்த கணமே மூக்கு தானாக உயரத் தொடங்கியது. விமானிகள் சுக்கானை முன்னே தள்ளிப் போராடினர். சரக்கு பின்னால் சரிந்து எடைச் சமநிலை கெட்டுவிட்டதாகவே எண்ணினர். அவ்வாறே தரைக்கட்டுப்பாட்டுக்கும் தெரிவித்தனர். சரக்கு விமானத்தில் எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதானே! ஆனால் சரக்கின்மேல் பழியில்லை.

டிசி-8இன் வாலில் ‘எலிவேட்டர்’ என்னும் பெரிய மடல் உண்டு. அது மேலே மடங்கினால் மூக்கு உயரும். கீழே மடங்கினால் தாழும். விமானி அதை நேரடியாக அசைப்பதில்லை. மடலின் பின்விளிம்பில் உள்ள ‘கன்ட்ரோல் டேப்’ என்ற சிறு தகட்டைத்தான் அசைக்கிறார். தகடு கீழே திரும்பினால், எதிர்வரும் காற்று அதைத் தள்ளிப் பெரிய மடலை மேலே தூக்கும். காற்றையே வேலைக்காரனாக்கும் அழகான ஏற்பாடு இது.

அந்தத் தகட்டையும் அதை இயக்கும் தண்டையும் இணைப்பது ஒரே ஒரு போல்ட்டு. தேருக்குக் கடையாணி போல! வலப்புறத்தில் அது முறையாகப் பூட்டப்படவில்லை. கழன்று விழுந்தது. தண்டு இடம்பெயர்ந்தது, தகடு கீழ்நோக்கிய நிலையில் சிக்கிக்கொண்டது. மடல் மேலே போயிற்று, மூக்கும் உயர்ந்தது. விமானிகள் எவ்வளவு தள்ளியும் பயனில்லை.

போல்ட்டை முறையாகப் பூட்டாததும், பூட்டியதை முறையாகச் சோதிக்காததும் காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2003இல் முடிவு கூறியது. எனக்கு உறுத்துவது இரண்டாவதுதான். கை தவறுவது மனித இயல்பு. அதனால்தான் இத்தகைய முக்கிய இணைப்புகளில் வேலை செய்தவரே சோதித்துக் கையொப்பமிடக் கூடாது, வேறொருவர் பார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த இரண்டாவது கண்ணும் இங்கே உதவவில்லை.

எமெரியின் பராமரிப்பில் மேலும் பல குறைகளை அரசு ஆய்வாளர்கள் கண்டறிந்த பிறகு, 2001 ஆகஸ்டில் அதன் விமானங்கள் பறப்பதை நிறுத்தின.