ஆப்பிரிக்கக் குடியானவரும் சிறு கடனும்

பயிர்த்தொழில் செய்பவனுக்குப் பணம் வேண்டியிருக்கும் காலம் ஒன்று. பணம் அவன் கைக்கு வரும் காலம் மற்றொன்று. விதை, எரு, உழவு, களையெடுப்பு ஆகியவற்றின் செலவு முதல் மழையுடனேயே தொடங்கிவிடுகின்றது. வரவோ அறுவடை முடிந்த பின்னரே உண்டாகின்றது. இவ்விடைக்காலத்தைக் கடப்பதற்கே கடன் தேவைப்படுகின்றது. அது தக்க பருவத்தில், தக்க அளவில், தாங்கக்கூடிய வட்டிக்குக் கிடைக்குமாயின் நிலம் பலன் தரும். இல்லையேல் களத்திலே குவிந்த தானியம் களத்திலிருந்தே லேவாதேவிக்காரன் வீட்டுக்குப் போய்விடும். ஆப்பிரிக்கக் கண்டத்திலே நைஜர், கென்யா, மலாவி முதலிய நாடுகளில் சிறு குடியானவர்க்கும் சிறு வியாபாரிகளுக்கும் கடன் வசதி உண்டாக்கும்பொருட்டுச் சென்ற முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்றுவரும் முயற்சிகளையும், அவற்றால் விளைந்த நன்மை தீமைகளையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நாடுகளின் பாங்கிகள் சிறு குடியானவனுக்குக் கடன் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, நிலத்தின் பெரும்பகுதி குலவழக்கப்படி அநுபவிக்கப்படுவதாதலால், ஈடாக வைப்பதற்குப் பத்திரம் இல்லை. இரண்டாவது, பெரிய கடனொன்றை விசாரித்துக் கணக்கெழுதி வசூலிக்க ஆகும் சிரமம் ஏறக்குறைய அவ்வளவும் சிறிய கடனுக்கும் ஆகின்றது. மூன்றாவது, மழை பொய்த்தால் ஒருவன் மட்டுமல்ல, அவ்வட்டாரத்தில் கடன் வாங்கிய அனைவரும் ஒரே ஆண்டில் தவணை தவறுவர். இம்மூன்றில் எதனை எவ்வாறு தீர்த்தனர் என்று பார்த்தால், பின்வரும் ஏற்பாடுகளின் தன்மை எளிதில் விளங்கும்.

பெட்டிச் சங்கம்

1991ஆம் ஆண்டில் நைஜர் நாட்டு மராடி ஜில்லாவில், கேர் என்னும் தர்ம ஸ்தாபனத்தார் கிராமப் பெண்களைக்கொண்டு சேமிப்புச் சங்கங்களைத் தொடங்கினர். வெளியிலிருந்து மூலதனம் ஏதும் கொடுக்கப்படவில்லை. சங்கத்தினரின் சொந்தச் சேமிப்பே மூலதனம். பின்னர் இம்முறை உகாண்டா, தான்சானியா, மலாவி முதலிய பல நாடுகளிலும் பரவிற்று.

இதன் நடைமுறை வருமாறு: ஒருவரையொருவர் நன்கறிந்த பதினைந்து முதல் இருபத்தைந்து பேர் ஒன்றுகூடுகின்றனர். வாரந்தோறும் ஒவ்வொருவரும் தம் சக்திக்கேற்ப ஒன்று முதல் ஐந்து பங்குவரை வாங்குகின்றனர். பணம் மூன்று பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வைக்கப்படுகின்றது. பெட்டி ஒருவரிடமும், சாவிகள் வேறு மூவரிடமும் இருக்கும். ஆதலால் கூட்டம் கூடாமல் ஒருவரும் பெட்டியைத் திறத்தல் இயலாது. கொடுப்பதும் வாங்குவதும் எல்லார் கண்ணெதிரிலும் நடைபெறும். சேர்ந்த தொகையிலிருந்து அங்கத்தினர் ஓரிரண்டு மாதத் தவணையில் கடன் பெறுவர். நோய், மரணம் முதலிய ஆபத்துக்களுக்கெனத் தனி நிதியும் உண்டு. ஏறக்குறைய ஓராண்டு கழிந்ததும் முதலும் வட்டியும் பங்கின்படி பிரித்துக்கொள்ளப்பட்டு, மறு ஆண்டுக்குச் சங்கம் புதிதாகத் தொடங்கும்.

வட்டி மாதத்திற்கு நூற்றுக்கு ஐந்து முதல் பத்துவரை இருப்பதைக் கேட்டு வாசகர்கள் திகைக்கக்கூடும். ஆனால் அவ்வட்டி வெளியாருக்குச் செல்வதில்லை. விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்குப் பார்ப்போம். இருபது பேர் வாரம் 10 நாணயம் வீதம் ஐம்பது வாரம் செலுத்தினால் 10,000 சேரும். கடன் வட்டியாக 2,000 சேருமாயின், 500 செலுத்தியவர் 600 பெறுவார். எனினும், பங்கு குறைவாக வாங்கிக் கடன் மட்டும் மிகுதியாகப் பெறுகிறவர் கொடுக்கும் வட்டி, பிறர் பங்கைப் பெருக்கவே உதவும் என்பதை மறத்தலாகாது. அவ்வாறானவர் பெரும்பாலும் சங்கத்தில் மிக ஏழையாய் இருப்பவரே.

இச்சங்கங்களின் பலன் யாது? கானா, மலாவி, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆராய்ச்சியில், சேமிப்பும் கடன் வசதியும் பெருகின, சிறு வியாபாரங்கள் விருத்தியடைந்தன, குடும்பக் காரியங்களில் பெண்களின் சொல்லுக்கு மதிப்பு உயர்ந்தது என்று கண்டனர். ஆனால் அக்காலத்திற்குள் குடும்பங்களின் சராசரி நுகர்ச்சி உயர்ந்ததாகக் காணப்படவில்லை. ஆகவே இது குடும்பத்திற்கு ஊன்றுகோலாகும். ஆனால் இது ஒன்றே வறுமையைத் தீர்க்குமென்று எண்ணுதல் கூடாது. அன்றியும், விதைப்புக் காலத்தில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பணம் வேண்டியிருப்பதால், சிறு பெட்டி அத்தேவை முழுவதையும் தாங்காது. இதனை உணர்ந்தே பல சங்கங்கள் பங்கு பிரிக்கும் நாளை விதைப்புக்குச் சற்று முன்னதாக அமைத்துக்கொள்கின்றன.

களஞ்சிய ஈட்டுக் கடன்

நைஜர் நாட்டில் கம்பும் காராமணியும் முக்கியப் பயிர்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடை. அப்பொழுது எல்லாரும் விற்பதால் விலை தாழ்ந்திருக்கும். ஜூன் முதல் ஆகஸ்டுவரை பஞ்ச மாதங்கள், விலை ஏறியிருக்கும். அறுவடையில் தான் மலிவாய் விற்ற தானியத்தையே குடியானவன் அம்மாதங்களில் அதிக விலைக்குத் திரும்ப வாங்கி உண்ணும் அவலம் அங்கே உண்டு. இதைத் தடுக்க, 1999 முதல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் துணையுடன் களஞ்சிய ஈட்டுக் கடன் அந்நாட்டில் பரப்பப்பட்டது.

குடியானவர் சங்கத்தின் கிடங்கில் மூட்டைகள் அடுக்கப்படும். கதவிற்கு இரண்டு பூட்டு: ஒன்றன் சாவி சங்கத்தாரிடம், மற்றொன்று கடன் கொடுக்கும் ஸ்தாபனத்தாரிடம். அறுவடைக்கால விலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடனாகக் கிடைக்கும். அப்பணத்தைக்கொண்டு வறட்சி மாதங்களில் காய்கறித் தோட்டம் வைப்போரும், செம்மறிக்கடா வாங்கிக் கொழுக்க வைப்போரும், சில்லறை வியாபாரம் செய்வோரும் உளர். விலை ஏறியபின் கடனையும் வட்டியையும் தீர்த்துத் தானியத்தை மீட்பர். நிலப்பத்திரம் இல்லாத குறை இங்கே தானியத்தாலேயே தீர்ந்தது காண்க.

இதிலும் கணக்கு வேண்டும். பத்து மூட்டைக்கு மூட்டை 100 வீதம் 1,000 மதிப்பென்றும், கடன் 750 என்றும், ஆறு மாதத்திற்கு வட்டியும் கிடங்குக் கூலியும் 120 என்றும் வைத்துக்கொள்வோம். விலை 135 ஆனால் செலவு நீங்கி 1,230 நிற்கும். அறுவடையில் விற்றதைவிட 230 இலாபம். விலை 110 அளவே ஏறினால் 980 தான் நிற்கும், 20 நஷ்டம். வண்டு தின்றாலோ நஷ்டம் இன்னும் மிகும். காராமணிக்குப் பயறுவண்டே பெருஞ்சத்துரு. இதற்கென அங்கே வழங்கும் மூன்றடுக்குப் பை சிறந்த பாதுகாப்பாகும். நெய்த சாக்கினுள் இரண்டு பிளாஸ்டிக் உறைகளை வைத்து, ஒவ்வொன்றையும் காற்றுப் புகாமல் இறுகக் கட்டினால், உள்ளிருக்கும் பிராணவாயு குறைந்து வண்டு பெருகாமல் மடியும், மருந்து தேவையில்லை.

கென்யா நாட்டு மேற்குப் பகுதியிலும் இத்தகைய பரீட்சை நடந்தது. அங்கே மக்காச்சோள விலை அறுவடைக்கும் பஞ்ச மாதங்களுக்கும் இடையே நூற்றுக்கு 25 முதல் 40 வரை ஏறுவது வழக்கம். அறுவடையில் கடன் பெற்றவர்கள் தானியத்தை வீட்டிலேயே நிறுத்திவைத்து விற்றதில், கடன் தொகையின்மேல் நூற்றுக்கு ஏறக்குறைய 30 இலாபம் கிடைத்ததென 2019இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. ஒரு வட்டாரத்தில் பலர் இவ்வாறு நிறுத்திவைத்தபோது அறுவடைக்கால விலை சற்று உயர்ந்தது. அதனால் கடன் பெறாத அயலாருக்கும் அனுகூலம் உண்டாயிற்று. கடன் பெற்றவரின் தனி இலாபம் குறைந்தது.

விதையாகவும் எருவாகவும் கடன்

2006இல் கென்யாவின் பங்கோமா பகுதியில் தொடங்கிய ஒன் ஏக்கர் பண்டு என்னும் ஸ்தாபனம், ரொக்கமாகக் கொடாமல் விதையும் இரசாயன எருவும் கொடுத்து, அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் கற்பிக்கின்றது. குடியானவர் குழுவாகச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்பர். குறித்த இறுதி நாளுக்குள் எப்பொழுது வேண்டுமாயினும் எவ்வளவு வேண்டுமாயினும் செலுத்தலாம் என்பது இதன் விசேஷம். கோழி விற்றாலும் முட்டை விற்றாலும் சிறுகச் சிறுகக் கடன் தீரும்.

கடனைக் குறைப்பதற்குச் சாகுபடி முறையும் உதவும். நைஜரில் இரசாயன எருவை நிலம் முழுதும் இறைக்காமல், கம்பு விதைக்கும் குழியொன்றுக்குச் சோடாப் புட்டி மூடியளவு, அதாவது ஏறக்குறைய 6 கிராம், இடும் முறையை ஆராய்ச்சியாளர் பரப்பினர். எரு வேரடியில் சேர்வதால் வீணாவதில்லை. செலவு குறைவதால் வாங்கும் கடனும் குறையும்.

கைபேசி வழிக் கடன்

2007இல் கென்யாவில் எம்-பெசா என்னும் கைபேசிப் பணமுறை தோன்றியது. பட்டணத்தில் வேலை செய்யும் மகன் கிராமத்துத் தாய்க்கு நொடியில் பணம் அனுப்பலானான். 2012இல் இதைச் சார்ந்து எம்-ஷ்வாரி என்னும் கடன் ஏற்பாடு தொடங்கிற்று. ஈடும் ஜாமீனும் இல்லை. வீட்டைவிட்டு நகர வேண்டுவதுமில்லை. ஆனால் முப்பது நாள் தவணைக்கு நூற்றுக்கு ஏழரை கட்டணம். ஆண்டுக் கணக்கில் இது நூற்றுக்குத் தொண்ணூறாகும். கடைக்காரன் காலையில் சரக்கு வாங்கி மாலையில் விற்பதால் இதைத் தாங்கலாம். மக்காச்சோளமோ முற்றுவதற்கு நான்கு மாதங்களுக்குக் குறையாது. பயிர் பூக்குமுன் தவணை வந்துவிடுமாயின், குடியானவன் ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் வாங்க நேரும்.

பின்னர்த் தோன்றிய பல கைபேசிக் கடன்காரர்களிடம் இவ்வாறு சிக்கியவர் பலர். மிகச் சிறு தொகைக்காகவும் தவணை தவறியோர் ஜாபிதாவில் பெயர் பதிவாகி, பிற இடங்களில் கடன் கிடைக்காமற் போயிற்று. ஆகையால் 2020இல், 1,000 ஷில்லிங்குக்குக் குறைந்த தொகைக்கு அவ்வாறு பதிதல் கூடாதென அந்நாட்டு மத்திய பாங்கி கட்டளையிட்டது. 2021இல் சட்டமும் 2022இல் விதிகளும் ஏற்பட்டு, இத்தகைய கடன் கொடுப்போர் லைசென்ஸு பெறவேண்டியதாயிற்று.

மழை பொய்த்தால்

எல்லாக் கடனுக்கும் பேராபத்து வறட்சியே. 2009இல் கென்யாவில் கிலிமோ சலாமா என்னும் மழை இன்ஷ்யூரன்ஸ் தொடங்கியது. தானியங்கி மழைமானி காட்டும் அளவு குறைந்தால், நிலத்தைப் பார்வையிடாமலே நஷ்ட ஈடு கைபேசி வழியே சேருமாறு அது அமைந்திருந்தது. செலவு குறைந்த முறைதான். ஆயினும் மானியிருக்கும் இடத்தில் பெய்த மழை நம் வயலில் பெய்யாதிருக்கலாம். மலாவியில் 2006இல் நடந்த பரீட்சை வேறொரு பாடம் தருகின்றது. இன்ஷ்யூரன்ஸ் சேராத விதைக்கடனை நூற்றுக்கு 33 பேர் ஏற்றனர். கட்டணத்துடன் அது சேர்ந்த கடனை 18 பேருக்கும் குறைந்தவரே ஏற்றனர். நல்லதென்று நாம் கருதுவது குடியானவனுக்கும் நல்லதாய்த் தோன்றும் என்பது நிச்சயமில்லை.

கவனிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து, கடன் ஏற்பாடு செய்வோரும் அதை மேற்பார்க்கும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறியத்தக்கவை:

1. தவணை நாள் காலண்டரை அன்றிப் பயிரை அனுசரித்திருத்தல் வேண்டும்.

2. வட்டியை மாதக் கணக்கில் மட்டுமன்றி ஆண்டுக் கணக்கிலும் கூறிக் கடன் பெறுபவனுக்கு விளக்குதல் வேண்டும்.

3. பூட்டும் சாவியும் ஒருவர் கையிலேயே இருத்தல் ஆகாது. கணக்கு எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படவேண்டும்.

4. தானியத்தை ஈடாகக் கொள்ளுமுன் அதனை நன்றாக உலர்த்தி, வண்டு புகாத பைகளில் அடைத்துள்ளனரா என்று பரிசோதித்தல் வேண்டும்.

5. விளைச்சலைப் பெருக்காத செலவுக்கு வாங்கிய கடனை விளைச்சல் தீர்க்கும் என்று நம்புதல் கூடாது.

கடன் நீரைப் போன்றது. வேண்டிய போது மடை திறந்து அளவோடு பாய்ச்சினால் பயிர் செழிக்கும். காலமல்லாத காலத்தில் தேக்கினால் வேர் அழுகும். மடையைத் திறப்பவரும் மூடுபவரும் பயிரின் பருவத்தை அறிந்தவராய் இருத்தல் வேண்டும்.