சமாதானக் கூட்டத்தில் பதினாறு வயதுக்காரன் எங்கே?

நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியில், திசையன்விளை, நாங்குநேரி பக்கமெல்லாம், கோயில் கொடை நெருங்கும்போது எங்காவது சாதிகளுக்கிடையே உரசல் இருந்தால் தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டுவிடுவார்கள். சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போகும், மேளம் எந்த முக்கில் நிற்கும், பிளெக்ஸ் எங்கே கட்டலாம் என்று வரிவரியாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடும். பல மோதல்களை இந்தக் காகிதம் தடுத்திருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடுகிறவர்கள் யார்? தர்மகர்த்தா, நாட்டாமை, முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். அரிவாள் இப்போது அவர்கள் கையில் இல்லை.

2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கையில் கட்டும் சாதிக் கயிற்றை முன்வைத்து எழுந்த தகராறில் பிளஸ் 2 மாணவன் ஒருவன் உயிரிழந்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் புத்தகப் பைக்குள் அரிவாள் கொண்டுபோய் சக மாணவனை வெட்டினான். வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் வயது குறைந்துகொண்டே வருவதை இந்த வரிசையே சொல்கிறது. சமாதானம் பேசுகிற வயதோ அப்படியே நிற்கிறது. இந்த இடைவெளியை அடைக்காத அமைதி முயற்சி எதுவும் கொடை முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் காலாவதியாகிவிடும்.

1995-ல் வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் மாணவர்களுக்கும் நடந்த தகராறு எப்படிச் சாதிக் கலவரமாகிப் பரவியது என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குக் கலவரம் பரவ சுவரொட்டியும் வாய்ச்செய்தியும் வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து, “ஏலே, சும்மா கெடங்கல” என்று அதட்டுவதற்கு அவகாசமும் இருந்தது. இன்றைக்கு முப்பது விநாடி ரீல்ஸ் போதும். சாதித் தலைவர் படம், பின்னணியில் சினிமாப் பாட்டு, இரண்டு நிறம் முறுக்கிய கயிறு கட்டிய மணிக்கட்டு, சில சமயம் அந்தக் கையில் ஓர் அரிவாள். கீழே கமெண்டில் எதிர்த்தரப்புப் பையன் ஒரு வார்த்தை விட்டால், மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. சமாதானக் கூட்டத்தில் பிளெக்ஸுக்கு இடம் குறித்துக் கொடுக்கிறார்கள். ரீல்ஸைப் பற்றி ஒரு வரி கிடையாது. அப்பா அம்மாவுக்கு மகனின் ரீல்ஸ் கணக்கின் பெயர்கூடத் தெரியாது. கயிற்றையாவது கண்ணால் பார்க்கலாம்.

போலீஸ் இறுக்கிப் பிடித்தால் போதும் என்பவர்கள் உண்டு. வழக்கு வேண்டும்தான், ஆனால் அது வெட்டு விழுந்த பிறகு வருவது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: ஊர் கமிட்டி, இளைஞர் மன்றம் என்று நாம் சொல்வதே பல ஊர்களில் ஒரே சாதிச் சங்கம்தானே, அதனிடம் அமைதியை ஒப்படைப்பதா? நியாயமான கேள்வி. கபடிக் குழுவும் அப்படித்தான், தெருவுக்கு ஒன்று. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வு எழுதக் கிளம்பிய மாணவனின் விரல்கள் வெட்டப்பட்டபோது, பின்னணியில் ஒரு கபடி வெற்றி இருந்ததாக வீட்டார் சொன்னார்கள். ஆகவே விளையாட்டு தானாக ஒற்றுமையைக் கொண்டுவரும் என்று மேடையில் பேசுவது பேச்சோடு சரி. கலந்த குழு வேண்டும் என்பதற்கே இது சான்று. சட்டம் மட்டும் போதாது என்பதற்கு மதுரை மாவட்டம் உத்தப்புரம் சான்று: அங்கே 2008-ல் தலித் மக்களைப் பிரித்த தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிந்ததோடு பகை இடியவில்லை. 2011-ல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்ட பிறகே தலித் மக்கள் கோயிலுக்குள் போனார்கள். சட்டம் வழி திறந்தது. நடந்துபோக உடன்பாடு தேவைப்பட்டது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிற்றுத் தடைதான் எல்லோர் வாயிலும் அடிபட்டது. எல்லாச் சமூக மாணவர்களும் சேர்ந்த ‘சமூகநீதி மாணவர் படை’ என்ற பரிந்துரையை அதிகம் பேர் பேசவில்லை. பெரியவர்கள் பார்க்காத ரீல்ஸை முதலில் பார்ப்பவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். திசையன்விளை போன்ற ஊரில் அதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கொடைக்கான கூட்டத்தில் இரு தரப்பிலிருந்தும் பிளஸ் 1 படிக்கும் இரண்டிரண்டு பேரையும், மகளிர் குழுவிலிருந்து அவர்களின் தாய்மார்களையும் உட்கார வைக்கலாம். திருவிழா முடியும்வரை எந்த ரீல்ஸ் பதிவும் கிடையாது என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கொடைக் கபடிக்குப் பரிசு கொடுக்கிற வியாபாரிகள், இரண்டு தெருப் பையன்களும் சேர்ந்த அணிக்குத்தான் கோப்பை என்று சொல்லட்டும்; பணம் அவர்களுடையது, நிபந்தனை போட உரிமை உண்டு.