மலடி என்னும் வசை

பிள்ளை வரம் வேண்டிச் சேது ஸ்நானத்துக்குச் செல்லும் தம்பதிகள் உத்தரகோசமங்கையில் மங்களநாதரையும் தரிசிப்பதுண்டு. விரதம் யாருக்கு? பெண்ணுக்கு. வசையும் அவளுக்கே. ஆண்மகனோ மறுமணப் பேச்சுக்குச் செவி சாய்க்கிறான்! குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருப்பதாக வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. விந்துப் பரிசோதனையில் நோவில்லை. இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து மாதிரி கொடுத்தால் போதும். அணுக்கள் மிகக் குறைவாயினும், ஒன்றையே கருமுட்டையினுள் ஊசியால் செலுத்தும் முறை 1992-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பலன் தந்தது. அந்நிய வித்தை என்பீரோ? கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயர் 1978-லேயே சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கச் செய்தார். (அவரை நாம் நம்பாதது வெட்கக்கேடு.) ஓராண்டு கூடி வாழ்ந்தும், மனைவி 35 வயது கடந்தவராயின் ஆறு மாதத்திலும், கரு உண்டாகாவிடில் இருவரும் ஒரே நாளில் வைத்தியரிடம் செல்க, முதல் பரிசோதனை கணவனுக்கு நடக்கட்டும்.